கல் நம்மூர்ல, காசு எங்கே? அரியலூரின் பழிக்கணக்கு

1956 நவம்பர் 23 விடிகாலை. அரியலூர் பக்கத்துல மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சேதமாகி, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. நூறு பேருக்கு மேல இறந்தாங்க. ரயில்வே அமைச்சரா இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். பாலம் உடைஞ்சா யாரைக் கேட்கணும்னு நமக்குத் தெரியும். ஒரு வட்டாரம் ஐம்பது வருஷமா பின்தங்கியே இருந்தா யாரைக் கேட்கிறது? இன்றைய எபிசோட் அதைப் பற்றித்தான்.

செந்துறைப் பக்கம் ஆலத்தியூரை எடுத்துக்குவோம். டைனோசர் காலத்துல கடலுக்கடியில் கிடந்த பூமி இது. அந்தக் கடல்தான் சுண்ணாம்புக்கல்லை விட்டுட்டுப் போச்சு. ராம்கோவின் சிமெண்ட் ஆலை இங்கே 1997-ல் உற்பத்தியைத் தொடங்கியது. சுற்றுவட்டாரத்தில் தளவாய், ரெட்டிப்பாளையம், கீழப்பழுவூர்னு ஆலைகள் வரிசையா நிற்குது. ஆனாலும் தனிநபர் வருமானப் பட்டியல்ல அரியலூரும் பெரம்பலூரும் ரொம்ப காலமா கீழ்வரிசையில்தான்.

"எல்லாம் முந்தைய ஆட்சி செஞ்ச வேலை"ன்னு சொல்றது சுலபம். என்னைக் கேட்டா, பழி சொல்றதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேட்கணும். முடிவெடுத்தவங்களுக்கு அன்றைக்கே விளைவு தெரியுமா? வேற வழி இருந்ததா? பின்னால வந்தவங்க சரிசெய்ய வாய்ப்பு இருந்ததா?

முதல் குற்றவாளியா நாம நிறுத்துறது டெல்லியை. சிமெண்டுக்கு விலைக் கட்டுப்பாடு இருந்த காலத்துல, போக்குவரத்துச் செலவைப் பொதுவாக்கி நாடு முழுக்க ஒரே விலைக்கு வித்தாங்க. சுண்ணாம்புக்கல் இருக்கிற ஊருக்கு சிமெண்ட் மலிவாக் கிடைக்கிற அனுகூலம் போச்சு. இது உண்மையான குறை. ஆனா 1982-ல் கட்டுப்பாடு பாதி தளர்ந்து, 1989-ல் முழுசா போயிடுச்சு. அதுக்கப்புறம் முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்தப் பழியை இன்னும் நேருமேல போடுறது நியாயமில்லை.

அடுத்தது சென்னை. தெற்கு தேய்கிறதுன்னு பேசின தி.மு.க., 1953-ல் டால்மியாபுரத்தைக் கல்லக்குடின்னு மாற்றச் சொல்லிப் போராடினது இங்கிருந்து கொஞ்ச தூரத்துலதான். 1967-க்குப் பிறகு மாநில ஆட்சி திராவிடக் கட்சிகளின் கையில். 1979-ல் அரியலூரில் அரசு சிமெண்ட் ஆலையே வந்தது. அதனால கவனிப்பே இல்லைன்னு சொல்ல முடியாது. கனிமத்தைத் தோண்டினால் ராயல்டி மாநிலக் கருவூலத்துக்கு. குழியும் தூசியும் டிப்பர் லாரியும் கிராமத்துக்கு. இந்த ஏற்பாட்டை எந்தக் கட்சியும் தொடவில்லை.

எனக்கு உண்மையிலேயே கோபம் வர்ற இடம் ஜெயங்கொண்டம். பழுப்பு நிலக்கரி அனல்மின் திட்டத்துக்காக 1990-களில் தொடங்கி 13 கிராமங்களில் 8,000 ஏக்கருக்கு மேல் நிலம் எடுத்தாங்க. மின்நிலையம் வரவே இல்லை. இழப்பீடு போதாதுன்னு விவசாயிகள் வருஷக்கணக்கா கோர்ட் படி ஏறினாங்க. கால் நூற்றாண்டு கழிச்சு, 2020-களில்தான் திட்டத்தைக் கைவிட்டு நிலத்தைத் திருப்பிக் கொடுக்க முடிவானது. இடைப்பட்ட காலத்தில் தி.மு.க., அ.தி.மு.க. ரெண்டும் மாறி மாறி ஆண்டிருக்கு. பெரம்பலூரிலும் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்காக ஏறக்குறைய 3,000 ஏக்கர் எடுத்தாங்க. அதில் பெரும்பகுதி பல வருஷம் சும்மா கிடந்தது. 2022-ல்தான் எறையூரில் காலணிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினாங்க.

மூணு கேள்வியையும் இங்கே வச்சுப் பாருங்க. திட்டம் போட்டது தப்புன்னு நான் சொல்லமாட்டேன். வேலைவாய்ப்பு வேணும்னு அன்றைக்கு எல்லாருமே நினைச்சாங்க. ஆனா நகராத திட்டத்துக்காக நிலத்தை முடக்கி வச்சிருந்தாங்களே, ஒவ்வொரு வருஷமும் அது புதுசா எடுத்த முடிவு. விற்கவும் முடியாம, கடன் வாங்கவும் முடியாம ஒரு தலைமுறை நின்னது. அந்தப் பழியில் எல்லா ஆட்சிக்கும் பங்கு உண்டு, சாஸ்திரி மாதிரி யாரும் அதுக்காகப் பதவி விலகினதும் இல்லை.

அப்போ இன்றைய ஆட்சிக்குச் சாக்கு கிடைச்சிடுமா? கிடைக்காது. 2015 சட்டத் திருத்தத்தால் மாவட்ட கனிம அறக்கட்டளை வந்தது. சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்காகவே உள்ள நிதி அது. பழைய குத்தகைகளுக்கு ராயல்டியில் 30 சதவீத அளவு கூடுதலா அதில் சேரணும். 2024-ல் கனிம நிலத்துக்கு மாநிலங்கள் வரி போடலாம்னு உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, தமிழ்நாடு சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 160 ரூபாய் வரி விதிச்சிருக்கு. அதுவும் மாநிலக் கருவூலத்துக்குத்தான் போகுது.

அதனால பழைய ஆட்சியைத் திட்டுங்க, வேண்டாம்னு சொல்லலை. அதோட இதையும் கேளுங்க: இந்த வருஷம் ஆலத்தியூர்ல தோண்டின கல்லுக்கு வந்த காசுல, எவ்வளவு ஆலத்தியூருக்குத் திரும்பி வந்தது? அதுக்குப் பதில் சொல்லவேண்டியது இப்போ நாற்காலியில் இருக்கிறவங்கதான்.