மிதிவண்டிக் கழகங்களும் வழியோர உணவு விடுதிகளும்

மிதிவண்டியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதனைச் செய்தவர்களின் வரலாற்றையே எழுதுகின்றனர். சக்கரத்தைப் பெரிதாக்கியவர் யார், சங்கிலி பூட்டியவர் யார், காற்றடைத்த டயரைக் கண்டவர் யார் என்னும் வினாக்களுக்கு விடை கிடைத்ததும் வரலாறு முடிந்துவிட்டதாக எண்ணுகின்றனர். ஆனால் அவ்வண்டிக்குச் சாலையில் இடம் வாங்கித் தந்தவர்கள் வேறு. விடுமுறை நாள்தோறும் பத்துப் பேர், இருபது பேராகக் கூடி நகர எல்லையைக் கடந்து சென்று, வழியில் ஓர் உணவு விடுதியில் ஒன்றாக அமர்ந்து உண்டு, மாலையில் வீடு திரும்பிய மக்களே அவர்கள். கூடிச் செல்லலும் கூடி உண்ணலுமாகிய இவ்விரண்டு வழக்கங்களும் சாலையை எவ்வாறு மாற்றின என்பதை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

கழகங்களின் தோற்றம்

சார்லஸ் டிக்கன்ஸ் என்னும் ஆங்கில நாவலாசிரியர் 1870-ஆம் ஆண்டு ஜூன் 9-ஆம் நாள் மறைந்தார். அதே மாதத்தில் இலண்டன் மாநகரின் ஹாக்னிப் பகுதியில் மிதிவண்டி ஓட்டுநர் சிலர் கூடி ஒரு கழகம் கண்டு, அவருடைய நாவலின் பெயரால் அதனைப் 'பிக்விக் மிதிவண்டிக் கழகம்' என்றழைத்தனர். உறுப்பினர் ஒவ்வொருவரும் அந்நாவலின் பாத்திரம் ஒன்றின் பெயரைப் புனைபெயராகக் கொள்வது அங்கு வழக்கமாயிற்று.

அந்நாளைய வண்டி இன்றைய வண்டியைப் போன்றதன்று. முன்சக்கரம் ஆள் மார்பளவு உயர்ந்து நிற்கும். பின்சக்கரமோ மிகச் சிறிது. சிறு கல் தடுக்கினும் ஏறியவர் தலைகுப்புற வீழ்வார். இவ்விடர் போதாதென்று குதிரை வண்டிக்காரர்களின் பகையும் சேர்ந்தது. 1876-ஆம் ஆண்டில் செயின்ட் ஆல்பன்ஸ் வழியில் ஓடிய பயணிகள் வண்டியின் சாரதி ஒரு மிதிவண்டிக்காரரைச் சாட்டையால் அடித்தான். உடன் வந்த காவலாளோ கயிற்றில் கட்டிய இரும்புக் குண்டைச் சக்கரத்தின் ஆரக்கால்களுக்கிடையே வீசி அவரைத் தரையில் இழுத்துத் தள்ளினான். தனியே செல்பவருக்குச் சாலை இத்தகையதாக இருந்த நாளில், கூட்டமாகச் செல்வது கேளிக்கை மட்டுமன்று, காப்பும் ஆயிற்று. கழகத்தார் தலைவன் ஒருவனை முன்னிறுத்தி, சீருடை அணிந்து, இருவர் இருவராக அணிவகுத்து, எக்காளக் குறிப்பிற்கேற்ப ஏறியும் இறங்கியும் சென்றனர்.

சாலையோரச் சத்திரங்களின் மறுவாழ்வு

இராமேசுவரம் செல்லும் வழியில் தஞ்சை மராட்டிய மன்னர் எழுப்பிய சத்திரங்களை நாம் அறிவோம். இங்கிலாந்தின் பெருவழிகளில் அறத்திற்கல்லாமல் வாணிகத்திற்காக நடத்தப்பெற்ற விடுதிகள் இருந்தன. குதிரை வண்டிகள் நின்று குதிரை மாற்றும் இடங்கள் அவை. புகைவண்டி வந்தபின் பெருவழிகள் வெறிச்சோடின. விடுதிகளின் அடுப்பும் அவிந்து வந்தது. அவ்வடுப்பை மீண்டும் மூட்டியவர்களுள் மிதிவண்டிக்காரர் முதன்மையானவர்.

1878-ஆம் ஆண்டு ஹாரகேட் என்னும் ஊரில் 'மிதிவண்டிப் பயணக் கழகம்' தோன்றியது. 1883-இல் இது 'மிதிவண்டியாளர் சுற்றுலாக் கழகம்' எனப் பெயர் மாறியது. இக்கழகம் விடுதிக்காரர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டு, உறுப்பினருக்கு இன்ன உணவு இன்ன விலை என்று முன்னரே வரையறுத்தது. உடன்பட்ட விடுதிகளின் சுவரில் இறக்கைகள் கொண்ட சக்கரம் பொறித்த இரும்புப் பலகை பதிக்கப்பெற்றது. களைத்து வருபவர் அதனைக் கண்டதும், இங்கே ஏமாற்றமில்லை என்று நம்பி இறங்கினார். 1899-இல் உறுப்பினர் தொகை 60,000-ஐத் தாண்டியிருந்தது. இத்தனை பேர் உண்ண வரும் வாய்ப்பை எந்த விடுதிக்காரர்தாம் இழக்க விரும்புவர்?

இலண்டனுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 23 மைல் தொலைவில் ரிப்ளி என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள 'ஆங்கர்' விடுதியை டிப்பிள் குடும்பத்துப் பெண்கள் நடத்தி வந்தனர். வாரந்தோறும் மிதிவண்டிக்காரர்கள் அங்கே குவிந்தமையால் ரிப்ளிச் சாலை அவர்களுக்குப் புனித யாத்திரை வழி போலாயிற்று. ஆனி, ஹாரியட் என்னும் உடன்பிறந்தார் இருவரும் மறைந்தபோது, மிதிவண்டிக்காரர்கள் பொருள் திரட்டி அவ்வூர்த் தேவாலயத்தில் அவர்களுக்கு நினைவுச்சின்னம் அமைத்தனர். அன்னமிட்ட கைக்கு அயலூரார் செலுத்திய இந்நன்றி நினைக்கத்தக்கது.

உடன் அமர உரிமை

1885-இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி இரு சக்கரமும் ஏறத்தாழ ஒத்த 'ரோவர்' வண்டியை வெளியிட்டார். 1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரத்து டன்லப் காற்றடைத்த டயரைக் கொணர்ந்தார். பெண்களும் வண்டியேறுவது இதனால் எளிதாயிற்று. எனினும் நீண்ட பாவாடை சக்கரத்தில் சிக்கியது. சிலர் தொளதொளத்த அரைக் காற்சட்டை அணியத் துணிந்தனர். அவர்களுள் ஒருவர் ஹார்பர்ட்டன் சீமாட்டி.

1898-ஆம் ஆண்டு அக்டோபரில் அவர் இவ்வுடையுடன் சர்ரே மாவட்டத்து ஆக்கம் ஊரில் 'ஹாட்பாய்' விடுதிக்குச் சென்றார். காப்பி அறையில் இடமில்லை. ஆடவர் புகைபிடிக்கும் மதுக்கூடத்தை ஒட்டிய அறையில் வேண்டுமானால் உண்ணலாம் என்றார் விடுதித் தலைவி. சுற்றுலாக் கழகம் வழக்குத் தொடுத்தது. 1899-இல் நடுவர் குழு, உணவு மறுக்கப்படவில்லை, அறைதான் மாறியது என்று கொண்டு விடுதித் தலைவியை விடுவித்தது. வழக்குத் தோற்றது. ஆயினும் ஒரு பெண்ணின் உணவுக்காக ஒரு கழகம் நீதிமன்றம் ஏறியது என்னும் செய்தி நாடெங்கும் பரவியது.

கழகங்கள் எல்லாம் எப்போதும் இப்பண்பில் நின்றன என்று கூறிவிட இயலாது. 1880-இல் நியூபோர்ட் நகரில் தோன்றிய அமெரிக்க மிதிவண்டியாளர் கழகம் நல்ல சாலைகளுக்காக அரும்பணி ஆற்றியது. அதே கழகம் 1894-இல் வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என விதி செய்தது. பாஸ்டன் நகரத் தையற்பெண் கிட்டி நாக்ஸ் கறுப்பின மரபினர், 1893-லேயே உறுப்பினரானவர். 1895-இல் ஆஸ்பரி பார்க்கில் நடந்த பெருங்கூட்டத்திற்கு, தம் உறுப்பினர் அட்டையுடன், தாமே தைத்த உடையில் வந்து நின்றார். அவரை ஏற்பதா என்னும் பூசல் செய்தித்தாள்களில் இடம்பெற்றது. புதிய விதி பழைய உறுப்பினரைத் தாக்காது என்பதால் அவர் உரிமை நிலைத்தது. அவ்விதியைக் கழகம் முறைப்படி நீக்கியது 1999-இல்தான். நல்ல சாலை அமைப்பதினும் அதில் எல்லாருக்கும் இடமளிப்பது அரிதென்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

உழைப்பாளர் தேநீரும் இன்றைய நகரங்களும்

1894-இல் பர்மிங்ஹாமில் தோன்றிய 'கிளாரியன்' கழகம் தொழிலாளர்க்குரியது. ஆலைப் புகையிலிருந்து ஒரு நாளேனும் விடுபட்டுச் செல்ல அவர்களுக்குச் செலவு குறைந்த தங்கிடங்கள் எழுந்தன. லங்காஷயரில் நெல்சன் நகருக்கு அருகே 1912-இல் கட்டப்பெற்ற கிளாரியன் இல்லம் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவோர்க்குப் பெருங்குவளையில் தேநீர் வழங்கும் வழக்கத்தை நூற்றாண்டு கடந்தும் போற்றி வந்துள்ளது.

பின்னர் மோட்டார் வண்டி சாலையைக் கைப்பற்றியது. அதற்கு மறுமொழியாகவும் மக்கள் கூடியே புறப்பட்டனர். கொலம்பியா நாட்டுப் பொகோட்டா நகரில் 1974-இல் பெருஞ்சாலைகளை மோட்டார் வண்டிகளுக்கு அடைத்து மிதிவண்டிக்கும் நடைக்கும் திறந்துவிடும் வழக்கம் தொடங்கியது. தெருவோரத்தில் பழமும் பழச்சாறும் விற்பவர்க்கும் அது நல்ல நாளாயிற்று. 1992-இல் சான் பிரான்சிஸ்கோவில் மாத இறுதி வெள்ளி மாலையில் கூட்டமாக ஓட்டும் பழக்கம் பிறந்து பல நாடுகளுக்குப் பரவியது. நம் நாட்டிலும் தில்லியை அடுத்த குர்காவில் 2013 நவம்பரில் 'ராகிரி' என்னும் பெயரால் ஞாயிறு காலையில் தெருவை மக்களுக்குத் திறந்துவிட்டனர்.

இவற்றால் நாம் அறிவதென்ன? மோட்டாரில் விரைபவர் வழியிலுள்ள ஊரைக் காண்பதில்லை. மிதிவண்டியில் செல்பவரோ பசித்து இறங்குகிறார். சிறு கடையின் வாயிலில் நிற்கிறார். கடைக்காரரின் பெயர் கேட்கிறார். அவர் செலவிடும் சிறுதொகை அவ்வூரிலேயே தங்குகிறது. தாயகம் விட்டு அயல்மொழி வழங்கும் நகரில் குடியேறிய நமக்கு இஃது இன்னும் பொருந்தும். பல்லாண்டு வாழ்ந்தும் அடுத்த தெருவை அறியாதார் நம்மிடையே உளர். நம் குடியிருப்பு இளைஞரும் பெண்டிரும் மாதம் ஒருமுறையேனும் கூடி மிதிவண்டியில் புறப்பட்டு, இந்நகரத்தார் நடத்தும் சிறு உணவுக்கடை ஒன்றில் அமர்ந்து உண்டு வருவாராயின், வாழும் ஊர் நமக்கு உறவூராகும். அக்கூட்டத்தில் யாரும் பின்தங்கி விடாமலும், அப்பந்தியில் யாரும் ஒதுக்கப்படாமலும் பார்த்துக்கொள்வது நம் கடன்.