சலசோபைரின் வந்த வழி

இரத்தமும் சளியுமாக வயிறு போனால் நமது ஊர்களில் அதற்கு ஒரே பெயர்தான்: சீதபேதி. மாதுளைத் தோல் அவித்துக் குடிப்பதும் பூச்சி மருந்து விழுங்குவதுமாக எனக்கும் எட்டு மாதங்கள் கழிந்தன. கடைசியில் கண்டியில் குழாய்க் கமரா விட்டுப் பார்த்த வைத்தியர், 'அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்' என்று கிளினிக் கொப்பியில் எழுதினார். பெருங்குடலின் உட்சுவர் அழன்று புண்ணாகும் நோய் அது. பிறருக்குத் தொற்றாது; ஆனால் வந்தவரை ஆயுளுக்கும் விடாது. அடங்கும், மீண்டும் கிளம்பும்.

இதனைச் சீதபேதியிலிருந்து பிரித்தறிந்த கதையில் ஒரு கொலை வழக்கும் உண்டு. 1859இல் லண்டனை அடுத்த ரிச்மண்டில் இசபெல்லா பாங்க்ஸ் என்ற பெண் வயிற்றுப்போக்கால் மெலிந்து இறந்தார். அவருடன் வாழ்ந்த தோமஸ் ஸ்மெதர்ஸ்ட் என்ற வைத்தியர் நஞ்சூட்டினார் எனத் தீர்க்கப்பட்டு மரண தண்டனை பெற்றார். கைஸ் வைத்தியசாலையின் சாமுவேல் வில்க்ஸ் அப்பெண்ணின் குடலில் தாம் கண்ட அழற்சியையும் புண்களையும் விவரித்து அதே ஆண்டு எழுதினார். ஸ்மெதர்ஸ்ட் பின்னர் மன்னிக்கப்பட்டு, இருதாரக் குற்றத்துக்காக மட்டும் சிறை சென்றார். நோயைக் கண்டறியாவிட்டால் தூக்குமரம் வரைக்கும் போகலாம் போலும்!

மருந்து வந்தது வேறொரு திசையிலிருந்து. சுவீடனின் நன்னா ஸ்வார்ட்ஸ் என்ற பெண் பேராசிரியர், மூட்டுவாதத்துக்கென்று சல்ஃபா மருந்தொன்றையும் சலிசிலிக் அமில வகையொன்றையும் பிணைத்து ஒரு மாத்திரை செய்வித்தார். குடற்புண் நோயாளருக்கும் அது குணம் தந்ததை 1940களின் தொடக்கத்தில் வெளியிட்டார். அதுதான் சலசோபைரின். நான் விழுங்கும் மஞ்சள் மாத்திரையும் அதுவே.

அந்தப் பிணைப்பில் வேலை செய்வது எந்தப் பாதி? முப்பது ஆண்டுகளுக்கு மேல் இது தெளிவாகவில்லை. தெளிவாக்கியவர் இன்றைய பங்களாதேசத்தைச் சேர்ந்த ஏ. கே. ஆசாத் கான். ஒக்ஸ்போர்டில் பேராசிரியர் ட்ரூலவ்வின் கீழ் ஆய்வு செய்த அவர், முழு மருந்தையும் அதன் இரு பாதிகளையும் தனித்தனியே எனிமாவாக நோயாளருக்குக் கொடுத்துப் பார்த்தார். புண்ணை ஆற்றுவது சலிசிலிக் பாதியே என்பது புலனாயிற்று. குமட்டல், தலைவலி முதலிய தொல்லைகள் பெரும்பாலும் சல்ஃபா பாதியால் வருபவை. 1977இல் 'லான்செட்' சஞ்சிகையில் வந்த இந்த ஆய்விலிருந்துதான் சல்ஃபா இல்லாத மெசலசீன் மாத்திரைகளுக்கு வழி பிறந்தது. இப்னு சீனாவைப் பற்றி நமது சஞ்சிகைகளில் எத்தனையோ கட்டுரைகள் வாசித்திருக்கிறேன். இந்த ஆசாத் கானைப் பற்றி ஒரு பந்தி கூட என் கண்ணில் பட்டதில்லை.

அதே 1977இல்தான் கயானாவில் சேனக்க பிபிலே காலமானார். பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாக இருந்தவர். 1971இல் தோன்றிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர். கம்பனிப் பெயரால் அன்றி மருந்தின் சொந்தப் பெயரால் மொத்தமாக வாங்கினால் ஏழை நாடும் தாக்குப்பிடிக்கும் என்று செய்து காட்டினார். ஆசிரியர் சம்பளக்காரனுக்கு மாத்திரை இலவசமாகக் கிடைப்பதில் அவருக்கும் பங்குண்டு.

2022இல் டொலர் வற்றியபோது அந்த ஏற்பாடு ஆட்டங்கண்டது. மருந்துத் தட்டுப்பாட்டால் அந்த மார்ச்சில் பேராதனைப் போதனா வைத்தியசாலையில் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட்டன. எனக்கு ஒரு கிளினிக் நாளில் பாதி மாத்திரைகளே கிடைத்தன. மிகுதிக்குக் கண்டி நகரில் பார்மசி பார்மசியாக ஏறி இறங்கினேன். இரண்டு வாரத்தில் மீண்டும் இரத்தம். கரும்பலகையில் பாதிக் கணக்கோடு வகுப்பை விட்டு ஓடுவதும், ஜும்ஆவில் வாசலோரக் கடைசி ஸப்பைத் தேடுவதும் திரும்பி வந்தன.

நோன்பு பற்றியும் பலர் கேட்கிறார்கள். ஈரானின் இஸ்பஹானில் நோன்பு பிடித்த இத்தகைய நோயாளரை ஆராய்ந்து 2008இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நோய் அடங்கியிருந்தவர்களுக்குப் பெருங்கேடு ஏதும் தென்படவில்லை. அது சிறிய ஆய்வு, எல்லோருக்கும் அளவுகோலாகாது. எனது வைத்தியர் சிங்களவர். ஸஹர், இஃப்தார் நேரங்களைக் கேட்டறிந்து மாத்திரைகளை இரண்டு வேளையாகப் பிரித்துத் தந்தார். "இரத்தம் கண்டால் அன்றோடு விட்டுவிட வேண்டும், சேர்" என்றும் சொன்னார். சென்ற ரமழானில் பத்தொன்பது பிடித்தேன். மிகுதியைக் களாச் செய்து வருகிறேன்.