புற்றுநோயாளியின் களைப்பும் காலை வெளிச்சமும்

கீமோ ஏற்றிக்கொண்டு வார்டில் படுத்திருக்கும் உறவினரைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் "நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வருவார்கள். அவரோ நாள் முழுக்கப் படுத்தே இருக்கிறார். அப்படியும் தண்ணீர் டம்ளரைக் கையில் தூக்கத் தெம்பில்லை. தூங்கி எழுந்தாலும் தீராத இந்தக் களைப்பு, புற்றுநோயாளிகளிடம் மிகப் பரவலாகக் காணப்படும் தொல்லை. வலிக்கு மாத்திரை கேட்கும் நோயாளிகள் பலர், இதைப் பற்றி மட்டும் டாக்டரிடம் வாய் திறப்பதில்லை. சோம்பல் என்றோ, மனம் விட்டுவிட்டார் என்றோ வீட்டாரே எண்ணிவிடுவதும் நடக்கிறது. நோயும் மருந்தும் சேர்ந்து உண்டாக்கும் இந்தக் களைப்பைக் குறைக்க ஆராயப்பட்டுவரும் எளிய வழிகளில் ஒன்று, காலை நேரத்துப் பிரகாசமான வெளிச்சம்.

ஒளி சிகிச்சை என்றதும் நம் ஊரில் 'கரண்ட் வைப்பது' என்று சொல்லும் கதிர்வீச்சு சிகிச்சையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மஞ்சள் காமாலை கண்ட பச்சிளங்குழந்தையை நீல விளக்கின் கீழ் படுக்க வைப்பதும் வேறு. இங்கே பேசுவது, புற ஊதாக் கதிர் நீக்கப்பட்ட வெள்ளை விளக்கின் முன் காலையில் அரை மணி நேரம் கண் திறந்து உட்கார்ந்திருப்பதைப் பற்றி மட்டுமே. இது புற்றுநோய்க் கட்டியை எதுவும் செய்யாது. கீமோவுக்கோ ஆபரேஷனுக்கோ மாற்றும் அல்ல.

வெளிச்சத்துக்கும் களைப்புக்கும் என்ன தொடர்பு? நம் மூளையில் ஒரு கடிகாரம் இருக்கிறது. எப்போது விழிப்பது, எப்போது உறங்குவது, எந்த ஹார்மோன் எந்த நேரத்தில் சுரப்பது என்பதையெல்லாம் அது ஒழுங்குபடுத்துகிறது. அந்தக் கடிகாரத்தை நாள்தோறும் சரிசெய்வது கண் வழியாக வரும் வெளிச்சம். விழித்திரையில், பொருட்களைப் பார்ப்பதற்கு உதவும் செல்களைத் தவிர, வெளிச்சத்தின் அளவை அந்தக் கடிகாரத்துக்குத் தெரிவிக்கும் தனி வகைச் செல்களும் உள்ளன. காலையில் போதிய வெளிச்சம் கிடைத்தால் தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பு அடங்கி, இரவில் உரிய நேரத்தில் மீண்டும் தொடங்கும். இந்தக் கடிகாரத்தை இயக்கும் மரபணுக்களைக் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்குத்தான் 2017ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

ஆஸ்பத்திரி அறையை இந்தக் கண்ணோடு பாருங்கள். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். நல்ல வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் வரை இருக்கும். மேகமூட்டமான நாளிலும் வெளியே சில ஆயிரம் லக்ஸ் உண்டு. டியூப் லைட் எரியும் அறைக்குள் நூறு முதல் முந்நூறு வரைதான் தேறும். நமக்குப் பளிச்சென்று தோன்றும் அந்த அறை, மூளைக் கடிகாரத்துக்கு ஏறக்குறைய அந்தி நேரம். இரவிலோ ரத்தம் எடுக்க, சலைன் பாட்டிலை மாற்ற என்று அடிக்கடி விளக்கைப் போடுகிறார்கள். பகலில் இருட்டு, இரவில் வெளிச்சம் என்று பத்து நாள் கிடந்தால் ஆரோக்கியமானவருக்கே உடம்பு தள்ளாடும்.

அமெரிக்காவின் சான் டியாகோவில் சோனியா அன்கோலி இஸ்ரேல் தலைமையிலான குழு, மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுக்கும் 39 பெண்களிடம் செய்த ஆய்வு 2012இல் வெளியானது. ஒரு பிரிவினர் தினமும் காலையில் அரை மணி நேரம் பிரகாசமான வெள்ளை விளக்கின் முன்னும், மற்றவர்கள் மங்கலான சிவப்பு விளக்கின் முன்னும் உட்கார்ந்தனர். சிவப்பு விளக்குப் பிரிவில் கீமோவின்போது களைப்பு கூடியது. வெள்ளை விளக்குப் பிரிவில் அப்படிக் கூடவில்லை. இந்தப் பெண்கள் வீட்டில் இருந்தபடியே விளக்கைப் பயன்படுத்தியவர்கள்.

ஆஸ்பத்திரியிலேயே தங்கியிருப்பவர்களிடமும் சோதித்திருக்கிறார்கள். மல்டிபிள் மைலோமா என்னும் ரத்தப் புற்றுநோய்க்கு ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை பெறுகிறவர்கள் வாரக்கணக்கில் தனி அறையில் அடைபட்டுக் கிடக்க வேண்டும். அவர்களின் அறையிலேயே காலை 7 மணி முதல் 10 மணி வரை பிரகாசமான விளக்கை எரியவிட்ட ஆய்வு 2018இல் வெளியானது. மங்கலான விளக்கு வைத்தவர்களைவிட இவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது. நோயாளி எழுந்து உட்கார வேண்டியதில்லை, எதையும் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை என்பது இந்த முறையின் நல்ல அம்சம்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நெதர்லாந்தில் லிம்ஃபோமா என்னும் நிணநீர்ப் புற்றுநோயிலிருந்து மீண்ட 166 பேரிடம் நடந்த ஆய்வு 2021இல் வெளியானது. அதில் பிரகாசமான விளக்குப் பிரிவு, மங்கலான விளக்குப் பிரிவு இரண்டிலுமே களைப்பு குறைந்தது. இரண்டுக்கும் இடையே வேறுபாடு தெரியவில்லை. தினமும் ஒரே நேரத்தில் எழுந்து உட்காரும் பழக்கமே பலன் தந்திருக்கலாம், நம்பிக்கையும் காரணமாக இருக்கலாம். ஆகவே இதை உறுதியான மருந்து என்று சொல்லி எவராவது விலை கூறினால் ஏமாற வேண்டாம். களைப்பைக் குறைப்பதில் இதைவிட வலுவான ஆதாரம் உள்ளது, டாக்டர் அனுமதிக்கும் அளவிலான நடைப்பயிற்சி போன்ற உடற்பயிற்சிக்குத்தான்.

வெளிச்சத்தைத் தேடுவதற்கு முன் டாக்டரிடம் களைப்பைச் சொல்லிவிடுங்கள். ரத்த சோகை, தைராய்டு குறைவு, நோய்த்தொற்று, வலி, மனச்சோர்வு ஆகியவை காரணமாக இருந்தால் அவற்றுக்குத் தனி சிகிச்சை உண்டு. பிறகு விளக்கு வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். அதற்கென விற்கும் விளக்குப் பெட்டிகள் பல 10,000 லக்ஸ் என்று குறிப்பிடப்படுபவை. அந்த அளவு, குறிப்பிட்ட நெருங்கிய தூரத்தில் முகத்துக்குக் கிடைப்பது. அறையின் மூலையில் வைத்தால் அதில் சிறு பங்குகூடக் கிடைக்காது. விளக்கையே உற்றுப் பார்க்கவும் வேண்டாம், பக்கவாட்டில் இருந்தால் போதும். விழித்திரை நோய் உள்ளவர்கள், மேனியா வந்த வரலாறு உள்ளவர்கள், வெளிச்சம் பட்டால் ஒற்றைத் தலைவலியோ வலிப்போ வருகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. சில கீமோ மருந்துகள் தோலை வெயிலுக்குக் கூசச் செய்யும் என்பதால் அதையும் கேட்டுக்கொள்வது நல்லது.

விளக்கு வாங்க வசதியில்லாத வீட்டாருக்கு ஜன்னல் இருக்கிறது. கட்டில் ஒதுக்கும்போதே ஜன்னலோரம் கிடைக்குமா என்று நர்ஸிடம் கேட்டுப் பாருங்கள். நம் பெண்கள் பர்தாவுக்காகக் கட்டிலைச் சுற்றித் திரையை முழுக்க இழுத்துவிட்டுப் பகலெல்லாம் இருட்டில் கிடப்பதைப் பல வார்டுகளில் காணலாம். ஆட்கள் நடமாடும் பக்கத்தை மட்டும் மறைத்து ஜன்னல் பக்கத்தைத் திறந்துவைத்தால் மறைவும் இருக்கும், வெளிச்சமும் வரும். ஃபஜ்ர் தொழுதுவிட்டு மீண்டும் படுத்தாலும், வெயில் ஏறும் நேரத்தில் முகம் ஜன்னலைப் பார்க்கும்படி அரை மணி நேரம் சாய்ந்து உட்கார வையுங்கள். கண்ணாடி வழியே வரும் வெளிச்சம் வைட்டமின் டி தராது, ஆனால் மூளைக் கடிகாரத்துக்கு அது போதும். ரத்த அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் வெளியே அழைத்துச் செல்வதோ ஜன்னலைத் திறப்பதோ கூடாதென்றால் மூடிய கண்ணாடியே போதும்.

இரவையும் இருட்டாக்க வேண்டும். இஷாவுக்குப் பிறகு உடனிருப்பவர் செல்போனை நோயாளியின் முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. ரத்தம் எடுக்க வருகிறவர்களிடம் பெரிய விளக்குக்குப் பதில் கட்டிலோர விளக்கைப் போடச் சொல்லலாம். அது முடியாவிட்டால் சுத்தமான கைக்குட்டையை மடித்துக் கண்ணின் மேல் போட்டுவிடலாம். பகல் தூக்கத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளவிடாதீர்கள். நலம் விசாரிக்க வருகிறவர்களை, நோயாளிக்குத் தெம்பிருக்கும் பகல் நேரத்தில் வந்து சுருக்கமாகப் பேசிவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

காலையில் எத்தனை மணிக்கு உட்கார்ந்தார், அன்று களைப்பு பத்துக்கு எவ்வளவு என்று அவரையே கேட்டு ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். அடுத்த ரவுண்ட்ஸில் டாக்டரிடம் அந்த நோட்டைக் காட்டலாம்.