ஒற்றை வாக்கு: 2005ஆம் ஆண்டுத் தேர்தலும் வன்னியும்

இலட்சக்கணக்கான வாக்குகளுள் ஒருவனது வாக்கு என்ன செய்துவிடும் என்பது பழைய வினா. வரலாற்று மாணவர் இதனை ஆராயக் கிளிநொச்சித் தொகுதி ஒன்றே போதுமானது. 2005 நவம்பர் 17ஆந் திகதி நடைபெற்ற சனாதிபதித் தேர்தலில், ஏறத்தாழ 90,000 வாக்காளர் பதிவு பெற்றிருந்த அத்தொகுதியில் அளிக்கப்பட்ட வாக்கு ஒன்றேயொன்று.

தேர்தற் புறக்கணிப்பு வடபகுதிக்குப் புதிதன்று. சர்வசன வாக்குரிமை கிடைத்த 1931ஆம் ஆண்டிலேயே, யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் அழைப்பையேற்றுக் குடாநாட்டின் நான்கு தொகுதிகளில் எவரும் வேட்புமனுத் தாக்கல் செய்யவில்லை. அரசாங்க சபையில் அவ்வாசனங்கள் 1934 வரை வெறுமையாயிருந்தன. ஆயினும் அன்று ஒதுங்கியோர் வேட்பாளர். 2005இல் ஒதுங்கியோர், அன்றி ஒதுக்கப்பட்டோர், வாக்காளர். இத்தேர்தலில் தமிழர்க்கு அக்கறையில்லையென விடுதலைப் புலிகள் அறிவித்தனர். அவர்களது கட்டுப்பாட்டிலிருந்த வன்னி மக்கள் வாக்களிக்க வேண்டின் எல்லை கடந்து அரசாங்கப் பகுதிக்குச் செல்லவேண்டியிருந்தது. புறக்கணிப்பு வலிந்து திணிக்கப்பட்டதென ஐரோப்பிய ஒன்றியக் கண்காணிப்பாளர் எழுதினர்.

இனி எண்களை நோக்குவோம். மகிந்த ராஜபக்ச பெற்றவை 4,887,152 வாக்குகள்; ரணில் விக்கிரமசிங்க பெற்றவை 4,706,366. வித்தியாசம் 180,786. ஆனால் 1978ஆம் ஆண்டு யாப்பின்படி வெற்றிக்கு வேண்டியது செல்லுபடியான வாக்குகளிற் பாதிக்கு மேல். அவர் பெற்றதோ 50.29 சதவீதம். மேலும் 57,300 வரையான வாக்குகள் ஏனைய வேட்பாளர்க்கு விழுந்திருப்பின் அவ்வெல்லை எட்டப்பட்டிராது. 2024இலே முதன்முறையாக நடந்த இரண்டாம் விருப்பு எண்ணிக்கை 2005இலேயே நடந்திருக்கும். வன்னித் தேர்தல் மாவட்டத்தில் மாத்திரம் வாக்களியாதோர் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர். கிளிநொச்சி உள்ளடங்கிய யாழ்ப்பாண மாவட்டத்திலோ 701,938 பேரில் 8,524 பேரே வாக்களித்தனர்.

இடாப்பிற் பெயருள்ளோர் அனைவரும் ஊரில் இருந்தனர் எனக் கொள்வது தவறு. இறந்தோரும் புலம்பெயர்ந்தோரும் அதில் உளர். மறுமுடிவு வந்திருப்பின் 2009இல் முள்ளிவாய்க்கால் வரை நிகழ்ந்தவை நிகழ்ந்திரா என்று கூறுதலும் வரலாற்று முறைமைக்கு ஒவ்வாது. (அத்தேர்தற் காலத்தில் இக்கட்டுரையாளர் எழுத்தறியாக் குழந்தை, மூத்தோர் இன்றும் அதைப்பற்றித் தாழ்ந்த குரலிலேயே பேசுகின்றனர்.) எனினும் அங்கே எந்தத் தனியொருவரின் வாக்கும் முடிவை மாற்றியிராது என்பதும், வாராத வாக்குகள் யாவும் சேர்ந்து மாற்றியிருக்கக்கூடும் என்பதும் ஒருங்கே உண்மை.

மற்றொன்றும் கவனிக்கற்பாலது. வாக்கின் இரகசியத்தைக் காப்பது மறைப்புத் தட்டி மாத்திரமன்று. உடன் வாக்களிக்கும் ஆயிரம் பேருமாவர். கிளிநொச்சியில் அந்த ஆயிரம் பேர் இல்லை. எனவே அவ்வொருவர் யாரைத் தெரிந்தார் என்பதை முடிவு அட்டவணையைப் பார்க்கும் எவரும் அறியலாம். அதை இங்கு எழுத மனம் ஒப்பவில்லை.