ஒரு துப்பாக்கி, இரு தேவைகள்

அமெரிக்க நாட்டில் மான் வேட்டைக்கென ரைபிள் வாங்கச் செல்பவர் முன் கடைக்காரர் முதலில் எடுத்து வைப்பது பெரும்பாலும் போல்ட்-ஆக்சன் ரைபிளையே ஆகும். கதவின் தாழ்ப்பாளைக் கண்டவர்க்கு அதன் இயக்கம் எளிதில் விளங்கும். கைப்பிடியை உயர்த்திப் பின்னுக்கு இழுத்தால் வெடித்த தோட்டாவின் கூடு வெளியே விழும். முன்னுக்குத் தள்ளினால் புதிய தோட்டா குழலுக்குள் நுழையும். கைப்பிடியைத் தாழ்த்தியதும் குழலின் வாய் உறுதியாகப் பூட்டிக்கொள்ளும். இவ்வளவுதான் அதன் பொறியமைப்பு. இத் துப்பாக்கி வேடனுக்காகப் பிறந்ததன்று. குறிபார்த்துச் சுடும் போட்டியாளனுக்காகப் பிறந்ததும் அன்று. படைவீரனுக்காகப் பிறந்த ஒன்றை அவ்விருவரும் தமக்கெனத் தேர்ந்துகொண்டனர். ஆயின் அதனிடம் அவர்கள் வேண்டியவையோ ஒன்றுக்கொன்று முரணானவை.

ஜெர்மானியரான டிரைசே என்பவர் உருவாக்கிய ஊசித் துப்பாக்கியைப் பிரஷ்ய அரசு 1841இல் ஏற்றது. அக்காலத்துப் படைவீரர் நின்றுகொண்டு குழலின் முன்வாய் வழியே மருந்தையும் குண்டையும் இட்டு, கோலால் இடித்துச் சுட்டனர். டிரைசேயின் துப்பாக்கியிலோ பின்புறத்துத் தாழைத் திறந்து, படுத்த நிலையிலேயே தோட்டாவை இடலாம். 1866ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள் கோனிக்ராட்ஸ் களத்தில், நின்றுகொண்டு குண்டு நிரப்பிய ஆஸ்திரியப் படையினர் இவ் வேறுபாட்டின் விலையை உயிரால் கொடுத்தனர்.

டிரைசேக்குப் பின் இத்துறையில் நிலைத்த பெயர் பீட்டர் பால் மௌசர் என்பதாகும். நெக்கார் ஆற்றங்கரை ஊரான ஓபெர்ண்டோர்பில் 1838இல் பிறந்த இவர், தம் தமையன் வில்ஹெல்முடன் சேர்ந்து உழைத்தார். இவர்களது ரைபிளை ஜெர்மானியப் படை 1871இல் ஏற்றது. 1884இல் பிரெஞ்சு வேதியியலார் பால் வியேல் புகையிலா வெடிமருந்தைக் கண்டார். அதன் பின்னர்க் குண்டு சிறுத்தது, விரைவு பெருகியது, பூட்டின் மேல் விழும் அழுத்தமும் மிகுந்தது. அவ்வழுத்தத்தைத் தாங்கும் பூட்டை அமைப்பதில் மௌசர் பல்லாண்டுகள் முனைந்தார். 1898இல் வெளிவந்த அவரது அமைப்பில் தாழின் முன்முனையில் இரு பூட்டுப் பற்களும், அவை உடையினும் சுடுபவனைக் காக்கப் பின்புறத்தே மூன்றாவது பல்லும் இருந்தன. பெட்டியினின்று எழும் தோட்டாவின் விளிம்பைத் தொடக்கத்திலேயே பற்றி, வெளியே எறியும்வரை விடாத நீண்ட எஃகுக் கொக்கியும் இருந்தது. நூற்றாண்டு கடந்த பின்னரும் வேட்டைத் துப்பாக்கி வாங்குவோர் அக் கொக்கி உண்டா என வினவுவதுண்டு.

அமெரிக்கா இவ்வமைப்பின் வன்மையை எதிரியின் கையில் கண்டே உணர்ந்தது. 1898ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் கியூபாவில் எல் கானே, சான் ஹுவான் குன்றுகளில் சிறுதொகையினரான ஸ்பானியர், தம்மினும் பன்மடங்கு பெரிய அமெரிக்கப் படையைப் பல மணி நேரம் தடுத்து நிறுத்தினர். அவர்கள் கையில் மௌசர் ரைபிள் இருந்தது. ஐந்து தோட்டாக்களை ஒரே தகட்டில் கோத்து ஒரே அழுத்தில் நிரப்பினர். அமெரிக்கரின் கிராக் ரைபிளிலோ ஒவ்வொன்றாக இட வேண்டும். தொண்டர் படையினர் சிலரிடம் இருந்தவை பழைய கருமருந்துத் துப்பாக்கிகள். அவற்றின் புகையே அவர்கள் இருக்குமிடத்தை எதிரிக்குக் காட்டிக்கொடுத்தது. அதன் பின் அமெரிக்க அரசு மௌசரின் வழியைப் பின்பற்றி ஸ்பிரிங்பீல்டு 1903 என்னும் ரைபிளைச் செய்தது. மௌசர் நிறுவனத்திற்கு உரிமைத்தொகையாக 2 லட்சம் டாலர் வரை செலுத்தவும் இணங்கியது. 1906இல் அதற்கென அமைந்த கூர்முனைத் தோட்டாவே .30-06 என்பது. அமெரிக்க மான் காடுகளில் அதனினும் புகழ் பெற்ற தோட்டாக்கள் மிகச் சிலவே.

அப்பொழுது அமெரிக்க வேடர் கையில் இருந்தது வேறொன்று. ஜான் பிரௌனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1894 என்னும் லீவர் ரைபிள் அது. விசைக்குக் கீழுள்ள வளையத்தைக் கீழிறக்கி மேலேற்றினால் அடுத்த தோட்டா அணியமாகிவிடும். மெலிந்தது, விரைந்து சுடுவது, அடர்ந்த காட்டில் கையாள எளியது. குறை ஒன்று இருந்தது. அதன் தோட்டாக்கள் குழலுக்குக் கீழுள்ள நீண்ட குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடந்தன. பின்னுள்ள தோட்டாவின் முனை, முன்னுள்ளதன் அடியில் அமைந்த வெடிப்பொறியைத் தொட்டுக்கொண்டிருக்கும். முனை கூராக இருப்பின் அதிர்ச்சியில் குழாய்க்குள்ளேயே வெடிக்கக்கூடும். ஆதலால் குண்டுகள் மழுங்கிய முனையுடன் செய்யப்பட்டன. மழுங்கிய குண்டு காற்றில் விரைவை இழந்து, தொலைவில் தாழ்ந்து விழும். மௌசர் வகையிலோ தோட்டாக்கள் பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தமையால் கூர்முனைக்குத் தடையில்லை. கிழக்குக் காடுகளில் இவ் வேறுபாடு பெரிதன்று. மேற்கின் மலைச்சரிவுகளில், 300 கெஜத்திற்கு அப்பால் நிற்கும் மானை நோக்குபவனுக்கோ அது மிகப் பெரிது. குண்டு ஒரு சாண் தாழ்ந்தால் மான் கால் உடைந்து ஓடி, கண்காணாத புதரில் பல நாள் துன்புற்று மடியும். நல்ல துப்பாக்கியைத் தேர்தல் என்பது வேடனின் பெருமைக்குரிய செய்தி மட்டுமன்று.

வேடனைப் போல்ட் ரைபிளின்பால் ஈர்த்தவை போட்டிக் களங்களும் போருமே எனலாம். உள்நாட்டுப் போரில் தம் வீரர்கள் குறிதவறிச் சுட்டதைக் கண்டு வருந்திய அதிகாரிகள் இருவர் 1871இல் தேசிய ரைபிள் சங்கத்தைத் தோற்றுவித்தனர். 1903இல் குடிமக்களின் சுடும் பயிற்சியை வளர்க்க அரசு வாரியம் ஒன்று அமைந்தது. தேசியப் போட்டிகளும் தொடங்கின. 1907 முதல் ஒஹாயோ மாநிலத்துக் கேம்ப் பெரி அப் போட்டிகளின் உறைவிடமாயிற்று. ஸ்பிரிங்பீல்டு ரைபிளைக் குடிமக்களும் அரசிடமிருந்து விலைக்குப் பெற முடிந்தது. தியோடர் ரூஸ்வெல்ட் 1909இல் ஆப்பிரிக்க வேட்டைக்குச் சென்றபோது, வேட்டைக்கேற்பத் திருத்தப்பட்ட ஸ்பிரிங்பீல்டு ஒன்றை உடன் கொண்டுசென்றார். பின்னர் வந்த முதல் உலகப் போர் இலட்சக்கணக்கான இளைஞரைப் போல்ட் ரைபிளுக்குப் பழக்கியது. ஊர் திரும்பியவர் பலர் கைபழகிய அதனையே நாடினர்.

துப்பாக்கி சிறந்த அக்காலத்தில் மானோ அருகியிருந்தது. 1900ஆம் ஆண்டளவில் அமெரிக்கா முழுவதும் எஞ்சிய வெள்ளைவால் மான்கள் ஏறத்தாழ 5 இலட்சமே என மதிப்பிடுவர். சந்தை இறைச்சிக்காக வரைமுறையின்றிக் கொன்றதன் விளைவு அது. சட்டங்கள் பிறந்தன, வேட்டைக்குப் பருவம் குறிக்கப்பட்டது. 1937இல் இயற்றப்பட்ட பிட்மன்-ராபர்ட்சன் சட்டம், வேட்டைத் துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீதான 11 விழுக்காட்டு வரியைக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கே உரியதாக்கியது. மான் இனம் பின்னர்க் கோடிக்கணக்காகப் பெருகியது.

வின்செஸ்டர் நிறுவனம் 1925இல் மாடல் 54 என்னும் போல்ட் ரைபிளையும் அதனுடன் .270 என்னும் தோட்டாவையும் வெளியிட்டது. வேட்டை எழுத்தாளர் ஜாக் ஓ'கானர் அத் தோட்டாவின் புகழைப் பல்லாண்டுகள் பாடினார். 1936இல் மாடல் 70 வந்தது. வேடனும் போட்டியாளனும் முரண்பட்ட இடமும், அம் முரணுக்குக் கண்ட தீர்வும் இதில்தான் தெளிவாகத் தெரிகின்றன. வேடன் துப்பாக்கியை நாள் முழுதும் சுமந்து, ஒருமுறை சுடுவான், சுடாமலும் திரும்புவான். அவனுக்கு வேண்டுவது எடைக்குறைவு. போட்டியாளனோ சுமப்பதில்லை, கிடந்து பலமுறை சுடுவான். குழல் சூடேறினும் குறி பிறழாதிருக்கத் தடித்த குழல் வேண்டும். அவனுக்கு எடையே துணை. மானின் நெஞ்சுப் பகுதி 8 அங்குலத்திற்குக் குறையாது. 100 கெஜத்தில் 2 அங்குல வட்டத்திற்குள் சுடும் துப்பாக்கி வேடனுக்கு வேண்டிய அளவினும் நுட்பமானது. அதே துப்பாக்கியைக் கொண்டு போட்டிக்குச் செல்பவன் தோற்றே திரும்புவான். விசையை எடுத்துக்கொள்வோம். போட்டியாளன் மெல்லத் தொட்டதும் இயங்கும் விசையை விரும்புவான். குளிரில் மரத்த விரலுடன் புதரைக் கடக்கும் வேடனுக்கு அத்தகைய விசை இடரே விளைக்கும். வின்செஸ்டர் ஒரே பூட்டமைப்பின் மீது 13 பவுண்டு எடையுள்ள போட்டித் துப்பாக்கியையும், 1952இல் அதன் பாதி எடையே கொண்ட வேட்டைத் துப்பாக்கியையும் செய்து விற்றது. பொறி ஒன்று, குழலும் கட்டையும் வேறு.

எடையைக் குறைத்தால் எல்லாம் நலமாம் என்று எண்ணுதல் தவறு. மலாயாவில் 1948 முதல் 1960 வரை நிலவிய அவசரகாலத்தைக் கண்ட முதியோர், பிரிட்டிஷ் படையினர் ஏந்திய குட்டையான லீ-என்பீல்டு 5ஆம் எண் ரைபிளை நினைவுகூரலாம். காட்டில் தூக்கிச் செல்ல எளிதாயினும், குழல் குறுகி எடை குறைந்தமையால் அதன் உதைப்பு கடுமையாயிற்று. வாயில் எழுந்த தீச்சுடரை மறைக்கக் கூம்பு வடிவ மூடியும் வேண்டியிருந்தது. உதைப்பை அஞ்சுபவன் விசையை இழுக்கும்போதே கண்ணை மூடிக்கொள்வான். பின்னர் எத் துப்பாக்கியும் அவனுக்கு உதவாது. 1955இல் தோன்றிய .243 தோட்டா உதைப்புக் குறைந்ததாய் இளையோரிடத்தும் பெண்களிடத்தும் செல்வாக்குப் பெற்றதற்குக் காரணம் இதுவே.

வின்செஸ்டரின் பெருமைக்கு இடையூறு செய்தது கணக்கேடுதான். கைத்தொழில் நுட்பம் மிகுந்த மாடல் 70இன் செலவு ஏறிக்கொண்டே போயிற்று. போட்டி நிறுவனமான ரெமிங்டனோ உருண்டை எஃகைக் கடைந்து எளிதாகச் செய்யும் முறையை 1948இலேயே கண்டு, 1962இல் மாடல் 700ஐ வெளியிட்டது. 1964இல் வின்செஸ்டர் நீண்ட கொக்கியைக் கைவிட்டது; கையால் செதுக்கிய கட்டை வரிகளுக்கு மாற்றாக அச்சு வரிகளைப் பதித்தது. வாங்குவோர் முகம் சுளித்தனர். 1964க்கு முற்பட்ட பழைய துப்பாக்கிகள் புதியவற்றினும் மிகுந்த விலைக்குப் போயின. பின்னாளில், 1990களில், அதே நிறுவனம் பழைய கொக்கியை மீண்டும் கொணர நேர்ந்தது. ரெமிங்டனும் குறையற்றதன்று, 2006 முதல் 2014 வரை செய்த மாடல் 700 ரைபிள்களின் விசையில் தானே வெடிக்கக்கூடிய பழுது கண்டு, 2014இல் அவற்றைத் திரும்ப அழைத்தது.

படையினின்று வந்த துப்பாக்கி படைக்கே திரும்பியதும் உண்டு. வியட்நாமில் அமெரிக்கக் கடற்படைத் தரைவீரர்கள் மாடல் 70ஐயும், 1966 முதல் மாடல் 700இன் ஒரு வகையையும் தொலைவிலிருந்து குறிபார்க்கப் பயன்படுத்தினர். அங்கே மரக்கட்டை ஈரத்தில் பருத்துக் குழலை நெருக்கியது, குறி பிறழ்ந்தது. 1970களில் அதற்குக் கண்ணாடி இழைக் கட்டை வந்தது. இன்று மழைக்காட்டிலும் பனிக்காட்டிலும் வேடர் கொண்டுசெல்லும் செயற்கைக் கட்டைகள் இவ் வரிசையில் தோன்றியனவே.

போட்டிக் களத்தினின்று காட்டிற்குச் சென்ற அண்மைக்காலச் சான்று 6.5 கிரீட்மோர். ஹார்னடி நிறுவனம் 2007இல் நெடுந்தொலைவுப் போட்டியாளர்க்கென வெளியிட்ட தோட்டா அது. உதைப்பு குறைவு, காற்றில் விலகுதலும் குறைவு. சில ஆண்டுகளுக்குள் மான் வேடர்கள் அதனைத் தமதாக்கிக்கொண்டனர். ஆயினும் நாட்டின் தலைசிறந்த ரைபிள் போட்டியாளர் கூடும் கேம்ப் பெரியைத் தன்னகத்தே கொண்ட ஒஹாயோ மாநிலம், மக்கள் நெருங்கி வாழும் சமவெளி என்பதால், மான் வேட்டையில் ரைபிளையே நெடுங்காலம் விலக்கிவைத்திருந்தது. 2014இல் அனுமதி பெற்றவையும் நெடுந்தொலைவு செல்லாத, நேரான கூடுடைய தோட்டாக்கள் மட்டுமே.