காகிதத்து முயல்கள்

முயலைப் பற்றி உலகப் பிரசித்தமான கணக்கு ஒன்று உண்டு. 1202-ஆம் வருஷம், இத்தாலியில் பைசா நகரத்து லியோனார்தோ தம்முடைய கணிதப் புத்தகத்தில் அதை எழுதி வைத்தார். பிபனாச்சி என்று பிற்காலம் அவருக்குப் பெயர் கொடுத்தது. நாலு பக்கமும் அடைத்த இடத்தில் ஒருவன் ஒரு ஜோடி முயலை விடுகிறான். மாதத்துக்கு ஒரு ஜோடி குட்டி. அந்தக் குட்டிகளும் இரண்டாம் மாதத்திலிருந்து ஈனும். வருஷக் கடைசியில் எத்தனை ஜோடி? 377!

கேட்டால் யாருக்கும் ஆசை பிறக்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கணக்கில் ஒரு முயல்கூடச் சாவதில்லை. தீனிக்குச் சல்லிக் காசு செலவில்லை. வாங்குகிறவன் என்று ஒருவன் வருவதே இல்லை.

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவிலே ஒரு நெசவாளர். வயதில் இளையவர். தறியை விற்றுவிட்டுக் கொல்லையில் முயல் வளர்க்கப் போவதாகச் சொன்னார். "பத்து முயல் போதும் சார், வருஷத்திலே முந்நூறு. கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன்" என்றார். எனக்குப் பிபனாச்சியின் ஞாபகம் வந்தது. அவருக்குச் சொன்ன சரித்திரத்தை உங்களுக்கும் சொல்கிறேன்.

சந்திரனிலேயே முயலைக் கண்டவர்கள் நாம். ஆனால் நம் காட்டு முயல் வேறு ஜாதி. அது வளை தோண்டாது. அதன் குட்டி கண் திறந்து, உடம்பெல்லாம் ரோமத்தோடு பிறக்கும். அதை வேட்டையாடினோமே தவிர வளர்க்கவில்லை. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வேட்டையும் குற்றமாயிற்று. கூண்டில் வளர்கிற முயலின் பூர்விகமோ ஸ்பெயின், பிரான்ஸ் பக்கம். வளையில் வாழ்கிற ஜாதி. குட்டி கண் மூடி, மயிரில்லாமல் பிறக்கும்.

பிபனாச்சியின் கணக்கு ஏறக்குறையப் பலித்த தேசமும் ஒன்று உண்டு. 1859-இல் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணையார் வேட்டை விளையாட்டுக்காக இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு 24 முயல்களை வரவழைத்தார். அவற்றின் சந்ததி கண்டமெங்கும் பரவிப் புல்லையும் பயிரையும் தின்று தீர்த்தது. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1901 முதல் 1907 வரை 1,800 கிலோமீட்டருக்கு மேல் வேலி போட்டார்கள். முயல் அதையும் தாண்டிற்று. 1950-இல் ஒரு நோய்க் கிருமியைப் பரப்பித்தான் கூட்டத்தைக் குறைத்தார்கள். பெருகியது முயல், நஷ்டம் குடியானவனுக்கு.

அப்படியானால் முயலே வளர்க்கக் கூடாதா? வளர்க்கலாம். கொடைக்கானல் மலையில், மன்னவனூரில், 1965-இல் ஏற்பட்ட மத்திய சர்க்காரின் ஆட்டுக் கம்பளி ஆராய்ச்சி மையத்தில் செம்மறியோடு முயலும் வளர்க்கிறார்கள். அந்தக் குளிர் அதற்கு ஒத்துக்கொள்ளும். நிஜ முயல் பிபனாச்சி முயலைவிடத் தாராளமானது. சுமார் 31 நாள் சினையில் ஆறு, எட்டு என்று போடும். ஆனால் அதற்கு வியர்ப்பதில்லை. பெரும்பாலும் காது வழியாகத்தான் சூடு தணிய வேண்டும். கடும் வெயிலில் ஆண் முயல் சில காலம் மலடாகிவிடும். பெண்ணுக்குச் சினை தங்காது. காஞ்சிபுரத்துக் கத்திரி வெயிலோ 40 டிகிரியை எட்டுவது.

அவர் தறியை விற்கவில்லை. மூன்று முயல் மட்டும் வாங்கினார். அக்கினி நட்சத்திரத்தில் கூண்டைச் சுற்றி ஈரச் சாக்குக் கட்டியும், ஓர் ஈற்றுக் குட்டிகள் அத்தனையும் போயின. அந்த மாதம் வீட்டில் உலை வைத்தது புடவை நெய்த கூலிதான்.