விருது மறந்துபோச்சு, மாயா மறக்கவில்லை

கிராமி விருதுகளில் பெரும்பாலானவை தொலைக்காட்சிக்கு வருவதேயில்லை. 2009இல் நூற்றுக்கு மேற்பட்ட பிரிவுகள். ஒளிபரப்புத் தொடங்குமுன்பே அநேகமானவற்றைக் கொடுத்து முடித்துவிட்டார்கள். மூன்றரை மணி நேரத்தில் காட்டியது பத்துப் பன்னிரண்டு விருதுகள்தான். மீதியெல்லாம் பாட்டு. உறையைக் கிழித்துப் பெயர் வாசிப்பது எவ்வளவு நேரம் சுவைக்கும் என்பது தயாரிப்பாளர்களுக்குத் தெரியும்.

ஆட்களை இருத்தி வைப்பது வேறு. ஒன்று, வழமையாகச் சேராதவர்கள் ஒரே மேடையில் சேர்வது. மற்றது, நேரடி ஒளிபரப்பில் என்னவும் நடக்கலாம் என்ற பதற்றம். அந்தப் பெப்ரவரி 8இல் லொஸ் ஏஞ்சல்ஸில் இரண்டும் கூடிவந்தன. ஜே-சீ, கன்யே வெஸ்ட், லில் வெய்ன், ரி.ஐ. நால்வரும் கோட் சூட்டில். அவர்களுடன் எங்கள் மாயா அருள்பிரகாசம், நிறைமாத வயிற்றோடு. அன்றுதான் அவருக்குக் குறித்த பிரசவ நாள். கறுப்பு வெள்ளைக் காட்சியில் அவர் துள்ளத் துள்ள, பாட்டைக் கேட்பதா, பிள்ளைத்தாய்ச்சிக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று பயப்படுவதா? மூன்றாம் நாள் மகன் பிறந்தான்.

ஆண்டின் சிறந்த இசைப்பதிவுக்குப் பரிந்துரைக்கப்பட்ட அவருடைய 'பேப்பர் பிளேன்ஸ்' வெல்லவில்லை. வென்றது எது என்று தேடித்தான் அறிந்தேன்.

இங்கே அப்போது 9ஆம் திகதி காலை. நாங்கள் வன்னியில், பங்கருக்குள். அந்தக் காட்சியை நான் பார்த்தது வருடங்கள் கழித்து, ஊடகக் கற்கை வகுப்பில். விரிவுரையாளர் கமராக் கோணங்களை விளக்கிக்கொண்டிருந்தார். எனக்கு, பங்கருக்குள் இறங்க ஏலாமல் மேலேயே குந்தியிருந்த நிறைமாத அக்காவின் ஞாபகம். திரும்பவும் ஒருக்கால் போடச் சொன்னேன்.